பெட்டி மூடியில் ஒரு கோடு

புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் இருந்து தினமும் வேலைக்கு வந்துபோகும் உதயகுமாரிக்குக் கை சும்மா இராது. ஒஸ்லோ நகரத்துக்குள் பழம்பொருள் விற்கும் இங்கெரின் கடையில் மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. பெட்டிகளில் இருக்கும் ஜப்பானிய எழுத்துகளைப் பார்த்து அச்சொட்டாக அட்டைகளில் எழுதிவைப்பது அவள்தான். அவற்றை வாசிக்கத் தெரியாது. ஆனால் கை பிசகாது. அன்று மாலை அவளுடைய நிரந்தர வேலைக் கடிதத்தில் இங்கெர் கையெழுத்து வைப்பதாக இருந்தது.

முதல்நாள் சரஸ்வதி பூசை. வருடாவருடம் கடையின் கொம்ப்யூட்டருக்கும் தராசுக்கும் சந்தனப்பொட்டு வைப்பாள். இங்கெரும் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். இம்முறை புதிதாக வந்த மரப்பெட்டிக்கும் ஒன்று வைத்தாள். அட, மூடியில் எவ்வளவு இடம் கிடந்தது! எழுத்தின் மேலேயேதான் வைக்க வேண்டுமா இந்த மனுசி? பெட்டிக்குள் இருந்தது வாளின் கைகாப்பு, கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் இரும்பு வட்டு. மூடியில் அதன் பெயர், 鍔 என்ற ஒற்றை எழுத்து, நூறு வருடத்துக்கு முன் ஒரு நிபுணர் கைப்பட எழுதியது. அந்த எழுத்தை நம்பித்தான் வாங்க வருவார்கள்.

காலையில் காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனத்தோடு ஒரு கோடும் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு வாங்குகிறவர் வருகிறார்.

புருசனுக்குப் போன் எடுத்தாள்.

“நீர்தானே வடிவா எழுதுறனீர், திருப்பிக் கீறி விடும். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றான் யோகராசா.

“ஐயோ, அது களவெல்லோ!”

“அப்ப வேலை போகட்டும். வீட்டை வந்து இருந்து அழும்.”

தூரிகையை எடுத்தாள். ஒரே இழுப்பு. மை காய்ந்ததும் பார்த்தால், பழைய கோடுகளுக்கும் புதியதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போதுதான் அவளைப் பயம் பிடித்தது. இங்கெர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், தட்டுத்தடுமாறி நோர்வேஜிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

இங்கெர் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

“எந்தக் கோடு?”

உதயகுமாரி தொட்டுக் காட்டினாள்.

“தெரியவே இல்லையே,” என்றாள் இங்கெர். அது பாராட்டாக இல்லை. வாங்குகிறவரைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொன்னாள். கடிதம் மேசையில் அப்படியே கிடந்தது. பிறகு நிமிர்ந்து, அலுமாரியில் அடுக்கியிருந்த மற்றப் பெட்டிகளைப் பார்த்தாள். மூன்று வருடமாக உதயகுமாரியின் கைபட்ட பெட்டிகள்.

“வேறு எதிலாவது எழுதினாயா?”

“சத்தியமா இல்லை.”

“நம்பத்தான் ஆசை,” என்ற இங்கெர், பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பெட்டியை இறக்கினாள். மேல்தட்டுக்கு அவளுக்குக் கை எட்டவில்லை. உதயகுமாரி மூக்கைச் சிந்திவிட்டு ஏணியில் ஏறி, மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.