கோமதி மேடம் திருப்பி அனுப்பிய சிப்புகள்

படப்பைக் கடைத்தெரு நெரிசலில் கம்பெனி பஸ் நின்றிருந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் மல்லிகாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "கோமதி மேடம் தவறிட்டாங்களாம் சார்" என்றார்.

ஆஸ்பத்திரி மானிட்டர்களுக்கான சர்க்யூட் போர்டு செய்யும் எங்கள் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவை நடத்தியவர் அவர். ஓய்வுக்குப் பிறகு தாம்பரத்தில் மகளோடு இருந்தார். அவரிடம் திட்டு வாங்காத சப்ளையர் கிடையாது. அவர் தேடிப் போய்ப் பார்க்காத சப்ளையரும் கிடையாது. "பொருள் எங்கேர்ந்து வருதுன்னு பார்க்காம ஆர்டர் போடாதீங்க" என்பார்.

கொரோனாவை ஒட்டி உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்ததே, அப்போது எங்கள் உற்பத்தி லைனும் நிற்கவிருந்தது. நின்றால் பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒப்பந்தப் பெண்களுக்கு வேலை இல்லை. சூப்பர்வைசரான நான்தான் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் சிப்புகளோடு வந்தார். மேடம் ஒன்றை எடுத்து, ரசாயனம் நனைத்த பஞ்சால் தேய்த்தார். மேலிருந்த எழுத்து அழிந்து அடியில் வேறு எழுத்து தெரிந்தது. பழைய போர்டுகளிலிருந்து பிய்த்தெடுத்து, புதிதுபோல் எழுத்து மாற்றியவை.

"திருப்பி அனுப்புங்க."

"அப்ப லைன் ஓடாது மேடம்" என்றேன், கோபமாக.

"ஓட வேணாம். ஒருத்தர் உயிர் இதை நம்பி இருக்கும்."

செய்தி கேட்டதும், அந்த ஒப்பந்தப் பெண்களில் ஒருவரான மல்லிகா நேராக அவர் அறைக்கே போய்விட்டார். "இன்னா மேடம், நாங்கல்லாம் வூட்ல குந்திகினு இருக்கணுமா?"

மேடம் எங்கள் இருவரையும் கிடங்குக்கு அழைத்துப் போனார். பழுதாகித் திரும்பி வந்த போர்டுகள், கழிவாகப் போகக் காத்து அங்கே குவிந்திருந்தன.

"இதுல பாதிக்கு மேல சால்டர் பத்து விட்டு இணைப்பு போனதுதான். சரி பண்றீங்களா?"

"கத்துக் குட்தா செய்வோம்" என்றார் மல்லிகா.

முதலாளி முதலில் ஒப்பவில்லை. "பழசைச் சரி பண்ணிக் குடுத்தா அந்த அளவுக்குப் புது சிப் தேவைப்படாது சார், குப்பையும் குறையும்" என்று மேடம் மறுபடி மறுபடி போய் நின்றார். ஒரு வழியாகச் சம்மதம் கிடைத்தது. பெண்கள் கற்றுக்கொண்டார்கள். சரிசெய்த போர்டுகள் சோதனையில் தேறி ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. முறையான சிப்புகள் வந்து சேரும்வரை ஒருவரையும் நாங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

மேடம் ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு நன்றி சொன்னேன். "நன்றி இருக்கட்டும், அன்னைக்கு என்னா முறை முறைச்சீங்க" என்று சிரித்தார்.

அந்தப் பழுதுபார்ப்புப் பிரிவை இப்போது மல்லிகா நடத்துகிறார். எனக்கு மேடத்திடமிருந்து ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். ஆட்களைக் குறைக்கும்படி மேலிடம் சொன்னால், பதில் சொல்லுமுன் எழுந்துபோய், அவர்கள் செய்ய வேறென்ன வேலை இருக்கிறது என்று தொழிற்சாலையை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். இதுவரை ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது.