இரண்டு கையிலும் சாக்பீஸ்

என் அண்ணன் சுடலைமணியின் பெண்டாட்டி உமாராணி. எனக்கு மதினி. அம்மா செத்த வருஷமே எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்போது எனக்கு ஆறு வயசு. பேன் பார்த்ததும், எண்ணெய் வைத்ததும், இழுத்து இழுத்து ஜடை போட்டதும் அவள்தான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டேன். முடி மட்டும் என்னை மாதிரிப் பாதியில் நிற்காமல் இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. தெருவில் அதற்குத்தான் மரியாதை. எனக்கு இல்லை.

கழுகுமலை ரோட்டில் மதினிக்கு ஒற்றை அறையில் ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமார் வீட்டுக் கல்யாணம் என்றால் கோவில்பட்டியில் அவளைத்தான் தேடுவார்கள். நரைக்கு அடிக்கிற டையும், முடியைச் சுருட்டுகிற மருந்தும் கையிலேயே ஊறி ஊறி, சித்திரையில் கரிசல் காடு வெடிக்கிற மாதிரி விரலெல்லாம் வெடித்துவிட்டது. கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்த்து இன்னும் புண்ணானது. “இனிமே மருந்தத் தொட்டியன்னா கை உங்களுக்கு இல்ல” என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் லாரியில் லோடு ஏற்றிப் போகிறவன். அவன் சம்பளம் டீசலை விட வேகமாகத் தீரும்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அந்தப் பயிற்சி வந்தது. அனுபவமுள்ள பார்லர்க்காரிகளை டீச்சர் ஆக்குகிற பயிற்சி. கடைசியில் பரீட்சை. பாஸ் ஆனால் லைசென்ஸ். லைசென்ஸ் இருந்தால் பெண்கள் பயிற்சி நிலையத்தில் வேலை, மருந்தைத் தொடாமலே பிழைக்கலாம். பரீட்சைக்கு இரண்டு தடவைதான் விடுவார்கள்.

பரீட்சை என்றால் பேப்பரும் பேனாவும் இல்லை. கத்திரியே பிடித்தறியாத ஒரு பெண்ணுக்கு, ஒரு நிஜத் தலையில் வெட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். வெட்டுவது அந்தப் பெண். டீச்சர் வாயால் மட்டும்தான் சொல்லலாம். சீப்பையோ கத்திரியையோ அவள் கையிலிருந்து வாங்கினால் ஃபெயில்.

முதல் தடவை மதினி அங்கேதான் விழுந்தாள். படிக்க வந்த பெண் சீப்பைக் கோணலாகப் பிடித்தாள். மதினியின் கை தானாகப் போய் அதைப் பிடுங்கி, வாரி, திருப்பிக் கொடுத்தும் விட்டது. கொடுத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மதுரையிலிருந்து வந்த பரீட்சைக்காரம்மா, “உங்க வேல ரொம்ப நல்லாருக்கு. ஆனா உங்க வேலயப் பாக்க நான் வரலியே” என்றாராம்.

அதன் பிறகு பயிற்சி கொடுத்த காளீஸ்வரி டீச்சர் ஒரு வழி சொன்னார். பாடம் எடுக்கும்போது கைக்கொரு சாக்பீஸ் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கை பறந்தால் சாக்பீஸ் விழும். ஒடிந்தாலும் விழுந்த கணக்குதான்.

வீட்டில் நான்தான் மாணவி. டீச்சர் கொடுத்தனுப்பிய பொம்மைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தப்பாக வெட்டுவேன்.

“ஏட்டி, அங்கன இல்ல, இங்கன!”

“இங்கனன்னா எங்கன மதினி?”

“இந்தா, இங்கனட்டி!”

“கையப் பின்னால கட்டிக்கிட்டு இங்கனன்னா நான் கழுகுமலையத்தான் பாக்கணும்.”

“செத்த மூதி, வாய மூடு.”

“காதையும் சேத்து நறுக்கிரவா?”

படக்கென்று சாக்பீஸ் ஒடியும். பத்து வருஷமாக அவள் ‘இங்கன’ என்று தொட்டுக் காட்டியே வேலை பார்த்தவள். தொடாமல் சொல்ல அவளிடம் வார்த்தையே இல்லை. ஒடிந்த துண்டுகளால் நான், மத்தியானம் தூங்குகிற அண்ணனுக்கு வெள்ளை மீசை வரைவேன். அவள் சிரிக்க மாட்டாள். அவள் கைக்குக் களிம்பு தடவுகிற வேலையும் என்னுடையதுதான். அப்போது முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று எதையாவது உளறிக்கொண்டே தடவுவேன்.

இரண்டாவது தடவை, பரீட்சைக்குத் தலை கொடுக்க ஊரில் ஒருத்தியும் வரவில்லை. கத்திரி பிடிக்கத் தெரியாதவளிடம் யார் முடியைக் கொடுப்பார்கள்? நான் போகிறேன் என்றேன்.

“உன் முடியா? வேண்டாம்ட்டி.”

“ஓரத்துல ரெண்டு விரக்கட வெட்டப் போறாவ. நான் என்ன மொட்டையா அடிக்கப் போறேன்?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி. கற்றுக்கொள்ள வந்தவள் பெயர் வேலுத்தாய். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிற பெண். மதினி இரண்டு கையிலும் சாக்பீஸோடு கைகளைப் பின்னால் கட்டி நின்றாள். சீவச் சொன்னாள், வேலுத்தாய் சரியாகச் சீவினாள். தலையைக் குனியவைக்கச் சொன்னாள், சரி. அப்புறம், “ஓரத்த மட்டும் வெட்டு” என்றாள்.

குச்சி அடைக்கிறவர்கள் எதையும் நுனியில் பிடிக்க மாட்டார்கள். ஒரே அள்ளாக அள்ளி, கைக்குள் இறுக்கித்தான் பழக்கம். வேலுத்தாய் என் முடி முழுவதையும் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரே பிடியாகப் பிடித்து இறுக்கினாள். பிடிக்கு மேலே கத்திரியை வைத்தாள்.

“ஏ… அங்கன இல்ல… இங்கன…” என்றாள் மதினி.

வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள். எங்கேயென்று அவளுக்கு விளங்கவில்லை. பரீட்சைக்காரம்மாவின் பேனா நின்றது. கண்ணாடியில் மதினியின் தோள் முன்னால் ஓர் அங்குலம் வந்ததைப் பார்த்தேன். நான் கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தினேன். வராதே என்று அர்த்தம். தோள் அங்கேயே நின்றது. கத்திரி வைத்த இடத்தைத்தான் ‘இங்கன’ என்கிறாள் என்று எடுத்துக்கொண்ட வேலுத்தாய் நறுக்கிவிட்டாள்.

தலை திடீரென்று லேசாகிவிட்டது. தன் கையில் தொங்கிய முடியைப் பார்த்த வேலுத்தாய் ஓவென்று அழுதாள்.

“அழாத தாயி” என்றாள் மதினி. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “முடியக் கீழ வை. சீப்ப எடு. வலது காதுக்குப் பின்னால வச்சு நேராக் கீழ இழு. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல கொஞ்சமாப் புடி. விரலுக்குக் கீழ எவ்வளவு நீட்டிட்டு இருக்கோ, அத மட்டும் வெட்டு.”

ஒரு தடவைகூட இங்கன என்று சொல்லவில்லை. வேலுத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெட்டினாள். முடிந்தபோது என் கழுத்துக்கு ஒழுங்கான ஒரு வெட்டு வந்திருந்தது. “கத்திரியத் தொடாம, தப்ப வாயாலயே சரி பண்ண வச்சிட்டீங்க” என்று பரீட்சைக்காரம்மா பாஸ் போட்டார். மதினி கையை விரித்தபோது சாக்பீஸ் இல்லை. வெடிப்புகளில் எல்லாம் வெள்ளைப் பொடி ஏறி, இரண்டு இடத்தில் சிவந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

“ஏட்டி, என்னைய ரெண்டு ஏச்சு ஏசிரு.”

“ஏசுனா முடி வந்துருமா? கடல மிட்டாய் வாங்கித் தாங்க.”

வாங்கித் தந்தாள். வழக்கம்போல என் ஜடையை முன்னால் எடுத்துப் போட அவள் கை என் முதுகுப் பக்கம் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணன் லோடு இறக்கிவிட்டு வந்தான். வாசலிலேயே என்னைப் பார்த்து நின்றுவிட்டான்.

“எவட்டி இப்படி வெட்டுனது?”

“நாந்தான்” என்றாள் மதினி.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் முந்திக்கொண்டேன். “பொய்யி. முடி போகும்போது மதினி கையக்கூட அசைக்கல.”

லைசென்ஸ் வரப்போகிறது என்று சொல்ல வாயெடுத்த மதினி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் என்னை முறைத்தான். எனக்கு அன்றைக்குச் சொல்ல ஒரு கேலியும் வரவில்லை. களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்தேன்.