பிரேக் மாஸ்டர் தொட்ட சீட்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் படிவத்தில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக அந்த ஒரே மேசையில் உட்கார்ந்து, பிறந்த தேதியை மாற்றி எழுதியவர்களையும் கண்ணாடி போடுவதை மறைத்தவர்களையும் திட்டித் தீர்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே கோட்டைவிட்ட கதை இது. இன்று நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கும்.

எங்கள் ஸ்கூல் மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பிரேக் மாஸ்டர். இருபத்தேழு வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சி வண்டியில் ஸ்டீயரிங் மாணவர் கையில் இருக்கும். பக்கத்து சீட்டில் வாத்தியார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே காக்கா பறந்தால்கூட மிதித்துவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர். ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், தன் மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் உட்காரவைத்தாராம். வண்டி சுவரில் உரசியதும், "உனக்கெல்லாம் இது வராது, எறங்கு" என்று கத்தினாராம். அக்கா அதற்குப் பிறகு ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை.

நான் அக்கா என்று சொல்வது மாஸ்டரின் மனைவியை. மூன்று வருடத்துக்கு முன் முதுகில் ஒரு ஆபரேஷன், அதோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கையும் வாயும் அப்படியே இருந்தன. வாய் கொஞ்சம் கூடவே ஆனது. ஆனால் வெளியே போவதென்றால் இரண்டு பேர் தூக்கி டாக்சியில் வைக்க வேண்டும். ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் டாக்சி டிரைவரும் வாட்ச்மேனும் தூக்கியபோது உடை விலகிப்போனது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. செத்தா தூக்கிக்கங்க."

சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. டாக்டர்தான் வீட்டுக்கு வந்தார்.

அக்காவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒருவர், மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரியக்கா. தாய் இல்லாத வீட்டில் அக்காவுக்குத் தலைவாரி விட்டு வளர்த்தவர். இதயம் பழுதாகி அவர் படுத்த படுக்கையானார். அவராலும் பயணம் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவார்கள். முதலில் ஒரு மணி நேரம் பேசினார்கள், பிறகு அரை மணி. கடைசியில் பெரியக்காவின் மூச்சுதான் அதிகமாகக் கேட்டது. "நீ எப்படி வருவே, விடுடி" என்பார் அவர். இந்தப் பக்கம் அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சின்னக் கார் வரப்போகிறது என்று பேப்பரில் பார்த்தோம். கியர் இல்லாத வண்டி. ஏழெட்டு ஆப்ஷன் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று, கதவைத் திறந்தால் முன்சீட் வெளிப்பக்கம் திரும்பி, சக்கர நாற்காலியின் உயரத்துக்கு இறங்கும். உட்காருபவர் தானே நகர்ந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் போதும், சீட் உள்ளே போய்விடும். யாரும் தூக்க வேண்டாம். மாஸ்டர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது கிழியக் கிழிய டேப் ஒட்டிக் கொடுத்தது நான்.

ஷோரூம் பையன் பெரிய திரையைப் பற்றியும் கூரைக் கண்ணாடியைப் பற்றியும் அளந்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

"தம்பி, அந்த சீட் எப்ப வரும்?" என்றார் மாஸ்டர்.

"சார், கலர்ல அஞ்சு வகை..."

"கறுப்போ செவப்போ, சாணிக் கலரா இருந்தாலும் சரி. சீட் எப்ப வரும்?"

வெளியீடு இரண்டு தடவை தள்ளிப்போனது. முன்பதிவு தொடங்கிய காலை, பாடத்தை எல்லாம் ரத்து செய்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், முகவரி, எண்கள் எல்லாம் நான் சரிபார்த்தேன். கடைசியில் மேலிருந்து பார்ப்பது போல ஒரு கார் படம், முன்னால் இரண்டு சீட். எது திரும்ப வேண்டுமோ அதைத் தொடு என்றது. மாஸ்டர் ஒரு விநாடி யோசித்துத் தொட்டார். நானும் பார்த்தேன். தலையாட்டினேன்.

திரும்பும் சீட்டோடு முதல் தவணையில் நாற்பது வண்டிதான். மாஸ்டர் நாற்பத்து மூன்றாவது ஆள். மற்றவர்கள் ரத்து செய்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த தவணைக்கு ஏழு மாதம். மாஸ்டர் தினமும் ஷோரூமுக்குப் போன் செய்தார். பெரியக்காவின் டாக்டரோ, "ரெண்டு மாசம் தாண்டினா பெரிசு" என்று அவர் மகனிடம் சொல்லியிருந்தார். அது அக்காவுக்கும் தெரியும். ஒருவர் ரத்து செய்தார், பிறகு இன்னொருவர். மூன்றாமவர் விலகிய அன்று மாஸ்டர் பயிற்சி வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்து அழுதார்.

வண்டி வந்தது. வீட்டு வாசலில் மாலை வெயிலில் நின்றது. அக்கா சக்கர நாற்காலியில் படிவரை வந்துவிட்டார். மாஸ்டர் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பொத்தானைத் தேடினார். இல்லை. ஷோரூம் பையன் எதிர்ப் பக்கக் கதவைத் திறந்தான். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த சீட் அழகாகத் திரும்பி வெளியே இறங்கியது.

"நீங்க புக் பண்ணது டிரைவர் சீட்தானே சார்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்தேழு வருடம் வாத்தியார் சீட்டிலேயே உட்கார்ந்தவர். படத்திலும் அதைத் தன் இடம் என்று விட்டுவிட்டு, கூட வருகிறவர் உட்காரும் மற்ற இடத்தைத் தொட்டார். அது டிரைவர் சீட். நானும் அப்படியே பார்த்தேன். வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

"மாத்திக் குடுங்க" என்றேன் சண்டைக்காரி மாதிரி.

"சீட்டை மட்டும் மாத்த முடியாது மேடம். வண்டியைத் திருப்பிக் குடுத்தா அடுத்த தவணை. ஏழு மாசம்."

மாஸ்டர் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, நான் ஒரு பாவி. உன்னை அங்க கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குக் குடுத்துவைக்கல."

அக்கா அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏங்க, உங்க ஸ்கூல் வண்டில உங்க பக்கத்துல பிரேக் இருக்கே, அதை இதுல மாட்ட முடியாதா?"

"மாட்டி?"

"காலு உங்களுது. கையி என்னுது."

மாஸ்டர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். வராது என்று அவர் சொல்லப்போகிறார் என நினைத்தேன், சொல்லியிருந்தால் அங்கேயே அவரைப் பிய்த்துப் போட்டிருப்பேன். அவர் அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "வரும்மா, உனக்கு வரும். அன்னைக்கு நான்தான் மடையன்."

எங்கள் மெக்கானிக் ஒரே நாளில் வாத்தியார் பக்கம் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மாட்டிக்கொடுத்தார். போக்குவரத்து அலுவலகத்தில் நான் மல்லுக்கட்டி, டாக்டர் சான்றிதழ் வைத்து, ஐம்பத்தெட்டு வயதில் அக்காவுக்குப் பழகுநர் உரிமம் வாங்கினேன். அந்தப் படிவத்தை நான்கு முறை படித்தேன். பதினாறு நாள் மைதானத்தில் சுற்றினார்கள். அடையாளத்துக்கு வைத்த இரண்டு டிரம்மை அக்கா சாய்த்தார். மாஸ்டர் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

ஒரு புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின்சீட்டில் மடக்கிய சக்கர நாற்காலியோடு நான். வழியெல்லாம் லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின. "ஆமை மாதிரி போறீங்களே, மிதிங்க" என்று அக்கா சொல்ல, பிரேக் மாஸ்டர் வாழ்க்கையில் முதல்முறையாக ஆக்சிலேட்டரை அழுத்தியதைப் பார்த்தேன்.

பெரியக்காவை முன்வராண்டாவில் நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். சுருங்கி ஒரு குழந்தை அளவில் இருந்தார். அவர் கண் பக்கத்து சீட்டின் கதவிலேயே இருந்தது. அது திறந்தது. மாஸ்டர் மட்டும் இறங்கினார்.

பெரியக்காவின் முகம் செத்துப்போனது. "அவ வரலையா?" என்றார்.

அப்போது ஹாரன் அடித்தது. பெரியக்கா திரும்பினார். எதிர்க் கதவு திறந்து, சீட் மெதுவாக வெளியே திரும்பியது. அதில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீயாடி ஓட்டிட்டு வந்தே?"

"நான்தான் பெரியக்கா."

அவர்கள் இருவரும் அழுததைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் தெருவுக்குப் போய்விட்டேன். மாலைவரை ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் பெரியக்கா போய்விட்டார். செய்தி வந்ததும் மாஸ்டர் டாக்சி சொல்லட்டுமா என்று கேட்டார். அக்கா சாவியைக் கேட்டார். அதே வாசலில் வண்டியை நிறுத்தி, வழக்கம் இல்லாத பொறுமையோடு அக்கா கொஞ்ச நேரம் வராண்டாவைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. இந்த முறை ஹாரன் அடிக்கவில்லை. பொத்தானை அழுத்தித் தானே இறங்கினார்.