முத்துப் பூச்சும் கைவிளக்கும்

கைவிளக்கின் சுடரும் தீதான் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை? எனக்கு அப்போது பத்து வயது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் முன்கட்டை அப்பா கார் நிறுத்தும் அறையாக மாற்றி, ஷட்டர் போட்டிருந்தார். அலுவலகத்தில் கோப்புகளைத் தவிர எதையும் தொடாத அவருக்கு, பழைய காரைத் தம் கையாலேயே முத்து நிறமாக்கிவிட வேண்டும் என்ற பித்து அந்தக் கோடையில் பிடித்தது. பெயிண்டைப் பீய்ச்சும் துப்பாக்கியோடு வாடகைக் கம்ப்ரசர் வந்தது. பெயிண்டை இளக்கும் தின்னர் டின்களும், அம்மா "முத்துப் பொடி" என்று பெயரிட்ட மினுக்குத் தூளும் வந்தன. ஈரப்பூச்சில் தூசி ஒட்டிவிடும் என்பதால் ஷட்டரை இறக்கி, இடுக்குகளில் செய்தித்தாளை ஒட்டி, தரையில் நனைத்த சாக்குகளை விரித்தார். அறையை மூடும்போது அவர் நினைத்தது தூசியை மட்டுமே. வெளியேற வழியில்லாத தின்னர் ஆவி தரையோரமாகத் தேங்கியது.

"எந்தா ஸ்வாமி, காருக்குக் கல்யாணமோ?" என்று மலையாளியான எதிர்வீட்டுக்காரர் தெருவிலிருந்து சிரித்தார்.

மூன்றாம் நாள், கடைசிப் பூச்சு.

"அடுப்பை அணைச்சாச்சோ?" அப்பாவின் குரல் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.

"அணைச்சாச்சு, சிலிண்டரையும் மூடியாச்சு. ராத்திரிக்கு உங்க முத்துப் பொடியைத்தான் கரைச்சுக் குடிக்கணும்," என்றாள் அம்மா. "நாத்தத்துல தலையைச் சுத்தறதுன்னா."

"ஒரு கோட்டுதான்டி பாக்கி. மிண்டாம சும்மா இரு."

சிலிண்டரை மூடியவள் நான்தான். என் பொறுப்பு முடிந்ததென்று பெருமிதத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பூச்சு முடிந்து, அப்பா துப்பாக்கியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நிற்கும் இடத்துக்கேற்ப வெண்மையும் இளநீலமுமாக மாறிய அந்தக் காரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அந்தி சாய்ந்தது. மலையாள வீடுகளின் வழக்கத்தைப் பார்த்து அம்மாவும் தினமும் விளக்கேற்றி, "தீபம், தீபம்" என்று சொல்லி வாசல்வரை கொண்டுவருவாள். அன்றும் வந்தாள். அடுப்பில் எரிவது நெருப்பு, கைவிளக்கில் எரிவதோ எங்களுக்குத் தெய்வம். கையில் விளக்கோடு வந்தவளுக்காக, வாசலுக்குப் போகும் முன்கட்டுக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஓசைகூடப் பெரிதாக இல்லை. தரையோரம் ஒரு நீலக்கோடு ஓடியது. பிறகு அம்மாவின் புடவை தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த அப்பா ஈரச்சாக்கை அவள்மேல் போர்த்தி இழுத்தார். எதிர்வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கி மணலை வாரிக் கொட்டினார். தீ கூரையைத் தொட்டிருந்தால், ஒட்டி நிற்கும் அத்தனை வீடுகளிலும் இருந்த குழந்தைகளுக்கும் படுத்திருந்த முதியவர்களுக்கும் நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்?

அம்மா இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தாள். அப்பா வரிசையின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நடந்ததைத் தம் பிழையென்று சொன்னார். அதன்பின் எங்கள் தெருவில் எவரும் வீட்டுக்குள் வைத்து வண்டிக்குப் பெயிண்ட் அடித்ததில்லை. அம்மாவின் வலக்கை விரல்கள் மூன்று இன்றும் மடங்குவதில்லை. அவளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பது அப்பாதான்.