குஜிலியம்பாறை பஸ்ஸில் என் மடி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பெண்ணுக்கு அவள் மடி சொந்தமில்லை. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். நின்றுகொண்டு வருகிறவள் இடுப்பிலிருக்கும் பிள்ளையை எடுத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், உட்கார்ந்திருப்பவள் மடியில் இறக்கிவிடுவாள். "செத்த நேரம் வச்சுக்க தாயி." அவ்வளவுதான். எந்த ஊர், என்ன சாதி, யார் பெண்டாட்டி, ஒன்றும் கேட்பதில்லை. கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை வேண்டும். பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும்.

அந்தப் பாரத்துக்காகத்தான் நான் பஸ் ஏறினேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உத்தரத்தில் தொட்டில் கட்டிய கொக்கி மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு பெற்றேன். மூத்தது பெண், அடுத்தது பையன். இரண்டும் நடை பழகுமுன்பே காய்ச்சலில் போய்விட்டன. கணவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். பிறகு எதைப் பற்றியும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க மறந்தாலும் கேட்கமாட்டார். இரண்டு பேர் இருந்த அந்த வீட்டில்தான் நான் ஒற்றையாக இருந்தேன்.

அக்காவைக் குஜிலியம்பாறையில் கட்டிக்கொடுத்திருந்தது. சனிக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே மறிப்பாள். "ஒத்தையிலயா போறே? ஒரு துணை வேணாமா?"

"பஸ்ஸு நெறையத் துணைதானக்கா" என்பேன்.

அக்கா வீட்டில் ஒரு வாய் காபி. அடுத்த பஸ்ஸுக்கு எழுந்துவிடுவேன். "கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டா வந்தே?" என்று அக்கா திட்டுவாள். நான் பார்க்க வந்தது அவளை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மலைக்கோட்டைப் பாறை பின்னால் சிறுத்துக்கொண்டே வரும். அப்புறம் செம்மண். மழைக்குக் காத்து வாய் பிளந்த சோளக்காடு, வேலிமுள், புழுதி. அந்த வறட்சிக்கு நடுவே என் மடியில் ஒரு ஈரம்: எச்சில் ஒழுகும் வாய், என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுக்கும் பிசுபிசுத்த விரல்கள், தூக்கத்தில் கனத்துக் கனத்து இறங்கும் தலை. ஒரு தடவை ஒருத்தன் சேலையையே நனைத்துவிட்டான். அவன் தாய் பதறினாள். "அய்யய்யே, பெஞ்சுட்டானா?"

"இந்த வருசத்துக்கு இம்புட்டு மழையாவது பெஞ்சுச்சே" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சேலையை நான் உதறவில்லை.

சிலர் கேட்பார்கள். "ஒனக்கு எத்தன புள்ளைக?"

"ரெண்டு."

"யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"

மண்ணுகிட்ட என்று சொல்ல நாக்கு எழாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதற்குள் அவளுக்கு இறங்கும் இடம் வந்துவிடும்.

அன்றும் அப்படித்தான் ஒருத்தி கேட்டாள். அவள் மகள் என் மடியில் உட்கார்ந்து என் வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் "ரெண்டு" என்றேன். பின் சீட்டில் அக்கா தெருக்காரி ஒருத்தி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்து, நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னாள்: "எங்க தாயி ரெண்டு? ரெண்டையும் வாரிக் குடுத்துட்டுல்ல நிக்கிறா, பாவி மக."

பிள்ளையின் தாய் குனிந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், முதல் தடவையாக. பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வளையலை விடமாட்டேன் என்று பிள்ளை அழுதது. விரல் விரலாக அவளே பிரித்துவிட்டாள்.

"இருக்கட்டுமே" என்றேன்.

"இல்லக்கா. எறங்கப் போறோம்."

அவர்கள் இறங்கவில்லை. பஸ் ஊர் ஊராக நின்று போனது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கம்பி. குறுக்கே வந்த மாட்டுவண்டியைக் கண்டு டிரைவர் பிரேக் போட்டபோது பிள்ளையின் நெற்றி கம்பியில் இடித்தது. என் இரண்டு கைகளும் தாமாக நீண்டன. அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

எரியோடு நிறுத்தத்தில் இறங்கினார்கள். பஸ் புறப்படுமுன் பார்த்தேன். அவள் காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றினாள். "துப்பு தங்கம், துப்பு." துப்பத் தெரியாத பிள்ளை ஜன்னலில் என்னைக் கண்டு சிரித்தது. தாய் அதன் முகத்தைத் தன் தோளில் திருப்பி அழுத்திக்கொண்டு, மண்ணை ரோட்டில் எறிந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பிள்ளைகள் படுத்திருந்தபோது நானும் யார் யார் கண்ணையோ நினைத்து இதே மண்ணைச் சுற்றியவள்தான்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போனேன். வீட்டில் இருக்க முடியாதே. அக்கா தெருக்காரி வாய் எத்தனை பஸ்ஸுக்குப் போயிற்றோ தெரியாது. தெரியாத முகங்கள் வழக்கம்போல என்னிடம் குனிந்தன. வாங்கினால், எந்த நிறுத்தத்தில் எவள் ஏறி என்ன சொல்வாளோ என்று கண் படிக்கட்டிலேயே இருக்கும். பிள்ளையின் சூடு மடியில் ஏறவே ஏறாது.

உட்கார்ந்தால்தானே மடி.

"அதான் எடம் கெடக்குல்ல, உக்காருங்கம்மா" என்பார் கண்டக்டர்.

"வேணாம்ப்பா, இந்தா எறங்கிருவேன்" என்பேன்.

குஜிலியம்பாறை வரைக்கும், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றே போவேன்.