மனிதர்கள் யாரும் கேட்பதில்லை

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். வைத்தவர் பக்கத்து இருக்கைக்காரர். இரைச்சலுக்கு நடுவே முனகலாக வரும் பேச்சை மற்றவர்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் பிடிக்க முடியாமல் கையை விரிப்பார்கள். அவள் ஒரே தடவையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். இது பாராட்டா கிண்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தாள், பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். கூப்பிட்டால் பதில் சொல்லும் பேசும் பெட்டி இப்போது பாதி வீடுகளில் இருக்கிறது. பாட்டுப் போடு, விளக்கை அணை என்று சொன்னால் செய்யும். சில சமயம் யாரும் கூப்பிடாமலே விழித்துக்கொள்ளும். கதவு சாத்திய சத்தத்தைத் தன்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு, அதன்பின் காதில் விழுவதையெல்லாம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். அப்படி வந்த துண்டுகளைக் கேட்டு, என்ன பேசினார்கள் என்று தட்டச்சு செய்ய வேண்டும். வார்த்தையே இல்லாத துண்டுக்குப் ‘பேச்சு இல்லை’ என்று குறித்தால் போதும். அதை வைத்துப் பெட்டிக்குப் புத்தி கற்பிப்பார்களாம். பேர் இருக்காது, முகவரி இருக்காது, குரல் மட்டும் இருக்கும். நிறுவனத்துக்கும் இவளுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தக்காரரும் ஒரு மேற்பார்வையாளரும் இருந்தார்கள். இங்கே கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கேட்கிறவர்களிடம் டைப்பிங் வேலை என்று சொல்லிக்கொள்வாள். பொய்யும் இல்லை.

ஒட்டுக்கேட்கும் வேலை சுவாரசியமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜன்னல் வைத்த வீட்டில் இருந்துகொண்டே வெளியே மழை பெய்கிறதா என்று பெட்டியைக் கேட்பார்கள். பெட்டிக்கு நன்றி சொல்லுகிற ஆண்கள் பலர் இருந்தார்கள். அவர்களே மனைவிக்கு நன்றி சொல்லி அவள் கேட்டது குறைவு. கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவர். கையெழுத்து போட்டது கணவருக்குப் பொருந்தாது என்பது அவளாகவே செய்துகொண்ட ஏற்பாடு. ஒன்றில் மட்டும் கறாராக இருந்தாள். அந்தப் பெட்டியை ஓசியில் கொடுத்தாலும் வீட்டுக்குள் விடமாட்டாள்.

ஒரு நாள் மதியம் வந்த துண்டில், தூரத்தில் ஒரு பெண் கத்துவது கேட்டது: “ஈரத்துண்டை மெத்தை மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!”

அது அவளேதான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் குரல் இப்படித்தான் கேட்கிறதா என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. சிரிக்கப் போனவள், பெட்டிக்கு அருகே மெல்லப் பேசிக்கொண்டிருந்த குரலைக் கேட்டு நிறுத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே குடிவந்தவள், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுபவள். வயிற்றில் இருந்த குழந்தைக்குத் துடிப்பு நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னதைப் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். உண்டாகியிருந்ததே வெளியில் யாருக்கும் தெரியாது.

தெரிந்த குரல் வந்தால் ஒதுக்கிவிட வேண்டும் என்று விதி இருந்தது. ஒதுக்கினால் அது பக்கத்து இருக்கைக்குப் போகும். அந்தப் பெண்ணை முன்பின் தெரியாத ஆள் கேட்பதற்குத் தானே கேட்டு முடித்துவிடுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வீட்டிலிருந்து சேர்ந்தாற்போல் வந்திருந்த துண்டுகள் அத்தனையையும் அவளே எழுதி முடித்தாள். அன்று மாலை கணவரிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவள், அந்த வாரமே மாடிப்படியில் வாய்தவறினாள். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க ஏறி வந்தாள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு, “இந்த நேரத்துல கனம் தூக்கலாமாம்மா? முதல்ல உடம்பு தேறட்டும். அடுத்தது நல்லபடியா தங்கும்” என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் படியிலேயே நின்றுவிட்டாள். “உங்களுக்கு யார் சொன்னது அக்கா?”

“முகத்தைப் பார்த்தா தெரியாதா?” என்று சப்பைக்கட்டு கட்டினாள். அந்தச் சமாதானம் அவளுக்கே நம்பும்படியாக இல்லை.

அன்று சாயங்காலம் நடந்த சண்டையைக் கேட்க எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. யாரிடமும் சொல்லவில்லை என்று அந்தப் புருஷன் திரும்பத் திரும்பச் சொன்னான். “அப்ப பக்கத்து வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது? கனவுல யாராவது வந்து சொன்னாங்களா?” என்று அந்தப் பெண் கத்தினாள். வேறு வழியில் தெரிய வாய்ப்பே இல்லை, அந்தப் பெண் நினைத்ததிலும் தப்பில்லை. மறுநாள் அவன் ஒரு துணிப்பையோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். பாம்புக்காதுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் ஊரே அந்தப் பேசும் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. வேலையை விட்டுப்போன யாரோ ஒருவர் பத்திரிகைக்காரரிடம், வீட்டுப் பேச்சை ஆட்களை வைத்துக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் விவாதம் வைத்தார்கள். தனியுரிமை போச்சு என்றார் ஒரு வக்கீல். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்றார் இன்னொருவர்; அவர் வீட்டுக் குளியலறைக்குக் கதவு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதை எழுதச் சொன்னால் பாம்புக்காதாலும் முடிந்திருக்காது. கடைசியில் நிறுவனத்து அதிகாரி வந்து, நிதானமாக, “உங்கள் குரல் உங்களுடையது. அதை இயந்திரம் மட்டுமே கையாள்கிறது. மனிதர்கள் யாரும் கேட்பதில்லை” என்று பூசி மெழுகினார்.

“உன்னை மனுஷக் கணக்குலயே சேர்க்கலையே!” என்று கணவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ வாயை மூடிக்கிட்டு இரு” என்றார் அவர், சிரிப்பெல்லாம் போய். “புருஷன் பொண்டாட்டி சண்டை, தானா சரியாயிடும். நீ நடுவுல போனா வேலையும் போகும், கேஸும் வரும்.”

மறுநாள் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டி, யாரும் வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்று ஏறக்குறைய இதையே சொன்னார். மனிதர்களே இல்லாத அந்த அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். அந்த வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மிச்சத் துணிகளை எடுத்துப்போக அந்தப் புருஷன் வந்தான். இறங்கும்போது படியில் அவளைப் பார்த்து நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. “அக்கா, நான் உங்ககிட்ட எப்பவாவது ஏதாவது சொன்னேனா? இல்லைன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். வேற ஒண்ணும் வேணாம்.”

அவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

கதவு பாதிதான் திறந்தது.

“உன் வீட்டுக்காரர் என்கிட்ட எதுவும் சொல்லலைம்மா.”

“அவர் அனுப்பினாரா உங்களை?”

“இல்லை. உன் வீட்டுப் பெட்டியில பேசினது எங்க ஆபீசுக்கு வந்துச்சு. அதைக் கேட்டு எழுதறதுதான் என் வேலை.”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரும் கேக்கறதில்லைன்னு டிவியில தெளிவா சொன்னாங்க. அவரைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா அக்கா? உங்களுக்கும் அவருக்கும் அப்படி என்ன?”

நிறுவனம் சொன்னதை நம்பினாள், எதிரே நிற்பவளை நம்பவில்லை. இந்த ஒன்றை மட்டும் பாம்புக்காது எதிர்பார்த்திருக்கவில்லை. காது மடல் சுட்டது. வேறு வழி தெரியாமல், தட்டச்சு செய்வதுபோலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்பித்தாள்.

“‘உங்க அம்மாவுக்குக்கூடத் தெரிய வேணாம்’னு நீ சொன்னே. அவர் ‘சரி’ன்னார். ‘அவங்க பாவம் பார்த்தா என்னால தாங்க முடியாது’ன்னே. அவர் ‘யாருக்கும் சொல்லமாட்டேன், நீ படு’ன்னார். அப்ப சுவருக்கு எங்க பக்கம் நான் கத்தினேன், ஈரத்துண்டுன்னு. ‘அக்கா ஆரம்பிச்சிட்டாங்க’ன்னு நீ சொன்னே.”

அந்தப் பெண் உள்ளே போனாள். மேசை மேலிருந்த பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கைபேசியை எடுத்து, “எங்க இருக்கீங்க? திரும்பி வாங்க. நீங்க சொல்லலைன்னு தெரிஞ்சுபோச்சு. வாங்க, வந்தப்புறம் பேசிக்கலாம்” என்றாள். வைத்துவிட்டுக் கதவருகே வந்தாள்.

“இதை நான் சும்மா விடப்போறதில்லை. எல்லார்கிட்டயும் சொல்வேன். உங்களையும் இழுப்பாங்க.”

“சொல்லும்மா. நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்.”

கீழே படியில் அவன் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவர் மருந்து வாங்கப் போனப்புறம் நான் தனியா உக்காந்து அழுதேன். ரொம்ப நேரம். அதுவும் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அதை என்னன்னு எழுதினீங்க?”

“பேச்சு இல்லைன்னு.”