கந்தர்வக்கோட்டைக்காரர் வாங்கிய படகு

என் கணவருக்குக் கந்தர்வக்கோட்டையில் ஒரு நெல் அரவை மில் இருந்தது. எங்கள் ஊரில் மழை பெய்தால் குளத்தில் தண்ணீர் இருக்கும், இல்லாவிட்டால் ஆடு மேயும். அவருக்கு நீச்சல் தெரியாது. குளத்துக்குப் போனாலும் முழங்கால் நனைகிற இடத்தில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பது வயதுக்கு மேல், சொந்தமாக ஒரு மோட்டார் படகு வேண்டும் என்று ஆசை வந்தது.

காரணம் அவருடைய தம்பி. மலேயாவுக்குப் புறப்பட்ட அவரை வழியனுப்ப நாகப்பட்டினம் போயிருந்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. கப்பல் கரைக்கு வராது, தொலைவில் கடலிலேயே நிற்கும். ஆட்களை லாஞ்சி என்கிற மோட்டார் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அதில் சேர்ப்பார்கள். யாரையோ கெஞ்சி இவரும் தம்பியோடு லாஞ்சியில் ஏறிக்கொண்டார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ஈரம், கண்ணாடியில் உப்பு. பிரிவுத் துயரம் முகத்தில் துளியும் இல்லை.

"தம்பி நல்லபடியா கப்பல் ஏறுனாரா?" என்று கேட்டேன்.

"ஏறிருப்பான்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தவர் திடீரென்று, "புள்ள, நமக்குன்னு ஒரு மோட்டார் போட்டு..." என்றார். மிச்சத்தையும் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"எங்க போடப் போறீங்க? கிணத்துலயா? அந்தப் பாறையில தண்ணி ஏது?"

"போடுறதில்ல புள்ள. போட்டு! கடல்ல போற போட்டு!"

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் மில்லுக்குப் பின்னால், நெல் காயப்போடுகிற சிமென்ட் களத்தில், சாக்பீஸால் ஒரு படகு வரைந்திருந்தார். இருபது அடி நீளம். மேலே கூரை வரும் இடம், எஞ்சின் இருக்கும் இடம், இரண்டு பெஞ்சு. என்னையும் எங்கள் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னார். நாங்களும் வெயிலில் உட்கார்ந்தோம். அவர் முன்னால் நின்று இல்லாத சக்கரத்தைத் திருப்பினார்.

நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "அக்கா, இங்கிட்டுக் கொஞ்சம் நெல்லு காயப்போடலாமா, இல்ல போட்டு கெளம்பிருச்சா?" என்றாள். எங்கள் பெண்கள் இருவரும் சிரித்துச் சிரித்துப் படகிலிருந்து வெளியே விழுந்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனாலும் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. "அடுப்பு எங்கங்க வைக்கிறது?" என்று கேட்டேன். அவர் நின்று யோசித்தார். பிறகு சாக்பீஸை எடுத்து ஒரு மூலையில் சின்னதாகச் சதுரம் போட்டார். அந்தச் சதுரத்தோடு நானும் இந்தப் பைத்தியத்தில் சேர்ந்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலில் பார்த்த படகு நாகப்பட்டினத்தில். தரகர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பச்சைப் பெயின்ட், பித்தளை மணி, ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட இருந்தது. என் கணவர் எதையும் பார்க்கவில்லை. நேரே எஞ்சினிடம் போனார். தரகர் அதைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினார். இவர் திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டார். மில்லில் அப்படித்தான் கேட்பார். கச்சேரி கேட்கிறவர்கள்கூட அப்படி லயித்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் செய்ய வேலையில்லை. படகைச் சுற்றி வந்தேன். அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருந்தது. கொண்டை ஊசியை உருவி அதைக் கீறினேன். ஊசி மரத்துக்குள்ளே போயிற்று. கிழங்கு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்போமே, அப்படி, தலை வரைக்கும் இறங்கியது. பக்கத்தில் குத்தினேன். அங்கும் வெந்திருந்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

தரகர்தான் முதலில் ஓடிவந்தார். "அது பெயின்ட்டும்மா, வேற ஒண்ணுமில்ல."

"இம்புட்டு ஆழத்துக்கா பெயின்ட் அடிப்பீங்க?"

என் கணவர் ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருப்புளியைப் பைக்குள் போட்டார். திரும்பும் வழியில் பட்டுக்கோட்டையில் இறங்கினோம். அங்கே டீ குடிக்கும்போது, "எஞ்சின் தங்கம் மாதிரி இருந்துச்சு" என்றார், இறந்துபோனவரைப் பற்றிச் சொல்வது போல.

இரண்டாவது படகு கோட்டைப்பட்டினத்தில் கிடைத்தது. அதன் சொந்தக்காரர் வயதான மரைக்காயர். கரையோர ஊர்களில் இருந்த தம் கடைகளுக்குப் போய்வர வைத்திருந்தாராம். இப்போது மகன்கள் ஜீப் வாங்கிவிட்டதால் படகு சும்மா கிடந்தது. நிறம் வெளுத்து, அழகே இல்லாமல் இருந்தது. ஆனால் அடுப்பு வைக்க ஒரு மூலை, தகரம் அடித்துத் தயாராக இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

இவர் எஞ்சினைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "இருமுதுங்க. காசநோய்க்காரன் மாதிரி இருமுது."

நான் ஊசியோடு சுற்றி வந்தேன். பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தினேன். கடைசியில் ஊசிதான் வளைந்தது. மரைக்காயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தங்கச்சி, தேக்கு அது. பாவம், ஊசிய விட்டுருங்க" என்றார்.

என் கணவரைத் தனியே கூப்பிட்டேன். "எஞ்சின் கெட்டா யாரு சரி பண்ணுவா?"

"நான்தான்."

"மரம் உளுத்தா?"

அவர் என் கையிலிருந்த வளைந்த ஊசியைப் பார்த்தார். 'நான்தான்' என்று சொன்னபோதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததைக் கவனித்தேன்.

ஓட்டிப் பார்க்காமல் விற்க மாட்டேன் என்று மரைக்காயர் பிடிவாதமாகச் சொன்னார். படகைத் தண்ணீரில் இறக்கி எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கரையில் நிற்கிற ஆட்களின் முகம் தெரிகிற தூரம்தான் போயிருப்போம். என் கணவர் ஓரத்தைப் பிடித்துக் குனிந்தார். காலையில் தின்ற இட்லி அத்தனையும் கடலுக்குப் போயிற்று. நான் முதுகைத் தடவினேன்.

மரைக்காயர் எஞ்சினை அணைத்தார். "அய்யா, தப்பா நெனக்காதீங்க. ஒங்களுக்கு ஒத்துக்கலையே. எதுக்கு இந்த வம்பு? காரு வாங்குங்களேன்."

இவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் வெளிறி, கண்ணில் நீர் முட்டி நின்றது. "பழகிரும்ங்க" என்றார். உடனே மறுபடியும் குனிந்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாங்கினோம். எஞ்சினைக் கழற்றி லாரியில் மில்லுக்குக் கொண்டுவந்து, ஒரு மாதம் பிரித்துப் போட்டுக் கோத்தார். இருமல் நின்றது.

முதல் பயணம் மணமேல்குடிக்கு. என் பிறந்த வீடு அது. மாமனார் வீட்டுக்குக் கடல்வழியாகப் போய் இறங்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். கடிதம் போட்டுச் சொல்லியிருந்தார். பட்டுவேட்டி கட்டிக்கொண்டார். கோட்டைப்பட்டினத்திலிருந்து நாங்கள் இருவர் மட்டும் வடக்கே கரையோரமாகவே போனோம். வாந்தி ஒரே முறைதான். மணமேல்குடி தெரிந்ததும் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார். அப்போது படகு மெதுவாக, அரிசி மூட்டையில் சாய்கிற மாதிரி, சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கக் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாதது. இது எனக்குத் தெரியும். சொல்ல மறந்துவிட்டேன்.

கரையில் என் அண்ணனும் சொந்தக்காரர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் நடந்து வந்தார். நடந்தே வந்து சேர்ந்தார். தண்ணீர் அவர் தொடையைத் தாண்டவில்லை.

"வாங்க மாப்ள, நல்லாருக்கீங்களா? பயணமெல்லாம் சௌகரியமா?" என்று படகின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு விசாரித்தார்.

"சௌகரியம்தான். நீங்க மேல வாங்க" என்றார் இவர்.

அண்ணன் ஏறவில்லை, இவர் பட்டுவேட்டியோடு இறங்கவில்லை. தண்ணீரில் நின்றபடி அண்ணன் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசினார். நான் அடுப்பைப் பற்றவைத்து, மூவருக்கும் காப்பி போட்டேன். அண்ணன் கடலில் நின்றே குடித்தார். தண்ணீர் ஏறிப் படகு நகர மத்தியானம் ஆயிற்று.

ஆறு வருடம் வைத்திருந்தோம். மில்லுக்கு விடுமுறை விட்டால் கோட்டைப்பட்டினத்துக்குப் போய்விடுவோம். அவருக்கு வாந்தி முழுவதும் நிற்கவேயில்லை. ஒருநாள் மீமிசல் பக்கம் சக்கரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பெஞ்சில் படுத்தார். நான் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். பிறகு ஒரு வெள்ளைப் பறவை முன்னால் போயிற்று. அதன் பின்னாலேயே போய்விட்டேன் போலிருக்கிறது. அவர் கண்விழித்தபோது கரை எங்கேயோ மெல்லிய கோடாகக் கிடந்தது.

"எங்கிட்டுப் புள்ள போறோம்?"

"தெரியலங்க."

எழுந்து சக்கரத்தை வாங்குவார் என்று நினைத்தேன். கொஞ்சம் எஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.